வாசகர் கேள்வி – பதில்: பறந்து வந்த வடை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே படத்தைப் பற்றியவை. கோடை விடுமுறையை நம்பி வெளியான அந்த முப்பரிமாண நகைச்சுவைப் படத்தைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் பார்த்துவிட்டு மனம் நொந்தவர்களும், பார்க்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். படத்தின் பெயரையோ திரையரங்கின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. பார்த்தவர்களுக்கு அது தெரியும், பார்க்காதவர்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. கேட்டவர்களின் ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி: பிள்ளைகள் அடம்பிடித்ததால் ஐந்து பேராகப் பேருந்து ஏறி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய், கண்ணாடிக்குத் தனிக் கட்டணமும் கொடுத்துப் பார்த்தோம். முதல் கால் மணி நேரம் எல்லோரும் சிரித்தோம். இடைவேளைக்குப் பிறகு சின்னவன் தூங்கிவிட்டான், அவன் அப்பாவும்தான். சிரிப்பதற்கென்றே போனவர்களுக்குச் சிரிப்பு வராமல் போனது எங்கள் ரசனையின் குறையா?

பதில்: ரசனையில் குறை ஒன்றுமில்லை, அம்மா. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காட்சிக்குப் போய், அதே கால் மணி நேரம் சிரித்து, அதே இடைவேளைக்குப் பிறகு கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தவன்தான். வாசலில் பிளாஸ்டிக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்த கண்ணாடியில் ஈரத்துணியால் துடைத்த கோடுகள் அப்படியே இருந்தன. ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டிருக்கிறவன் ஆகையால், அதன் மேல் இதையும் ஏற்றி, மூக்கின் மீது ஒரு மாடி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிற அந்தக் கல்யாணப் பந்திக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். பெண்ணின் தாய்மாமனுக்கும் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கும் பழைய பகை. தாய்மாமன் வடைத் தட்டோடு பரிமாறி வருகிறார். சித்தப்பா இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வடை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க இவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கேட்காதவரைத் தாண்டிப் போவதில் அவருக்கு ஓர் அற்பச் சந்தோஷம். மூன்றாவது முறையாகத் தட்டு அருகில் வரும்போது சித்தப்பா எங்கேயோ பார்த்தபடி, இலையில் இருந்த கூட்டை ஒற்றை விரலால் ஓரமாகத் தள்ளி வடைக்கு இடம் பண்ணினார். அந்த விரல் அசைவுக்கு அரங்கம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே தாய்மாமனுக்குக் கால் இடறியது, தட்டு பறந்தது, வடைகள் ஒவ்வொன்றாகச் சுழன்றபடி நம் முகத்தை நோக்கிப் புறப்பட்டன. வடையின் ஓட்டை வழியே பந்தலின் சீரியல் பல்பு தெரிகிற அளவுக்கு, அதில் ஒட்டியிருந்த மிளகை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு, அவ்வளவு மெதுவாக வந்தன. என் பக்கத்து இருக்கைச் சிறுவன் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினான். நல்ல கணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசி வடையும் நம்மைக் கடந்து போன பிறகு பந்திக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், அங்கே யாருமில்லை. அடுத்த காட்சி தொடங்கியிருந்தது. மூன்று முறை காத்திருந்து, இடமும் பண்ணி வைத்து, கண்ணெதிரே வடைகள் பறந்து போவதைப் பார்த்த சித்தப்பாவின் முகம் என்ன ஆயிற்று என்பதை இயக்குநர் காட்டவே இல்லை.

நமக்குச் சேர வேண்டிய சிரிப்பு அந்த முகத்தில்தான் இருந்தது. இரண்டு பேருக்கு நடுவில் அழகாக முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்த ஒரு வேடிக்கையை, அவிழ்க்கிற நேரத்தில் அவர்களிடமிருந்து பிடுங்கி நம் மேல் எறிந்துவிட்டார்கள். இப்படி எறிவதைப் படம் முழுக்க 17 முறை எண்ணினேன்: தண்ணீர்க் குழாய், கோழி, பல்செட், ஒற்றைச் செருப்பு, இன்னும் என்னென்னவோ. முதல் முறை திடுக்கிட்டுச் சிரித்தோம். நான்காவது முறை வருவது தெரிந்துவிட்டது. பத்தாவது முறைக்கு உங்கள் சின்னவன் தூங்கிவிட்டான் என்றால் குழந்தையைக் குறை சொல்ல முடியுமா?

வில்லியனூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: முப்பரிமாணம், கிராபிக்ஸ் என்ற இரண்டு சொற்களையும் விளம்பரத்தில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல, ஐயா. இல்லாத ஒரு பொருளைக் கணினியில் உருவாக்கிப் படத்தில் சேர்ப்பது கிராபிக்ஸ். இருக்கிற காட்சிக்கு ஆழம் இருப்பதுபோல் கண்ணை நம்ப வைப்பது முப்பரிமாணம். கிராபிக்ஸ் துளியும் இல்லாமல் முப்பரிமாணப் படம் எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள்.

வகுப்பில் நீங்களே செய்து காட்டியிருக்கக்கூடிய சோதனைதான் இதற்கு அடிப்படை. ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேராக நீட்டி, இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். பெரியவர்களுக்கு இரு கண்களின் மணிகளுக்கும் இடையே ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டர் தூரம் இருப்பதால், இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களை அனுப்புகின்றன; மூளை அவற்றைப் பொருத்திப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், கையால் வரைந்த இரண்டு படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டியே இந்த ஆழத்தை உண்டாக்க முடியும் என்று விளக்கினார். புகைப்படக்கலை உலகுக்கு முறையாக அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதால், ஒரு வகையில் முப்பரிமாணம் புகைப்படத்துக்கு அண்ணன்.

திரைப்படத்துக்கு இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. கண்களைப்போல இரண்டு கேமராக்களை அருகருகே வைத்து எடுப்பது முதல் வழி. வழக்கம்போல ஒரே கேமராவில் எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் மாற்றுவது இரண்டாவது. மாற்றும்போது ஒவ்வொரு ஆளையும் ஒவ்வொரு பொருளையும் சுற்றி ஓரம் வெட்டி, எது எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, ஆளைச் சற்று நகர்த்தும்போது பின்னால் வெறுமையாகிற இடத்தைப் புதிதாக வரைந்து நிரப்ப வேண்டும். நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) வீதம் இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,72,800 சட்டகங்கள் ஆகின்றன. பொறுமையும் பணமும் இருந்தால் இதையும் குறை தெரியாமல் செய்யலாம். அவசரமாகச் செய்தால் மனிதர்களுக்குள் கனம் இருக்காது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே தூரம் தெரியும், ஆனால் ஒவ்வொருவரும் அட்டையில் வெட்டியது போலத் தட்டையாக நிற்பார்கள். நீங்கள் பார்த்த படத்தில் வடைக்கு இருந்த உருண்டை கதாநாயகனின் முகத்துக்கு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். திரையரங்க வாசலில் வைத்திருந்த கட்-அவுட்டே உள்ளேயும் வந்து நடித்ததுபோல் இருந்தது.

நெல்லிக்குப்பத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்: படம் முழுவதும் இருட்டாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் வெளிச்சமாக, ஆனால் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. இது திரையரங்கின் தவறா, படத்தின் தவறா?

பதில்: இரண்டுக்கும் பங்கு உண்டு. பெரும்பாலான அரங்குகளில் ஒரே புரொஜெக்டர் இடக் கண்ணுக்கும் வலக் கண்ணுக்கும் உரிய படங்களை மாற்றி மாற்றி, நொடிக்கு 144 முறை காட்டுகிறது. ஒளி அலையின் அதிர்வை ஒரு கண்ணுக்கு ஒரு விதமாகவும் மறு கண்ணுக்கு வேறு விதமாகவும் ஒழுங்குபடுத்தி அனுப்ப, கண்ணாடி அந்தந்தக் கண்ணுக்கு உரியதை மட்டும் உள்ளே விடுகிறது. வடிகட்டும்போது ஒளியில் பெரும்பகுதி வீணாகிறது. போதாததற்கு ஒவ்வொரு கண்ணும் பாதி நேரம் எதையும் பார்ப்பதில்லை. சாதாரணப் படத்துக்குத் திரையின் வெளிச்சம் ஃபுட் லாம்பர்ட் என்கிற அளவில் 14 இருக்க வேண்டும் என்பது நெறி. முப்பரிமாணத்தில் கண்ணாடி வழியே 4.5 வந்தாலே போதும் என்று திருப்தி அடைந்துவிடுவது வழக்கம். விளக்கின் ஆயுளை நீட்டிப்பதற்காக அரங்கத்தார் அதையும் குறைத்தால், எண்ணெய் தீர்ந்த அகலில் படம் பார்க்கிற கதைதான்.

ஒளியின் அந்த ஒழுங்கு கலையாமல் திருப்பி அனுப்புவதற்கு வெள்ளிப் பூச்சுள்ள திரை தேவை. வெறும் வெள்ளைத் திரை அதைக் கலைத்துவிடும், இரு கண்களின் படங்களும் ஒன்றுக்குள் ஒன்று கசியும். நாம் சினிமாவுக்கே ஆகுபெயராகச் சொல்லும் 'வெள்ளித்திரை' இப்படி நிஜமாகவே வெள்ளித்திரையாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அந்தத் திரை நடுவில் உட்கார்ந்தவருக்கு வெளிச்சத்தை வாரிக் கொடுத்து, ஓரத்தில் உட்கார்ந்தவருக்குக் கிள்ளித்தான் கொடுக்கும். நீங்கள் எந்த இருக்கையில் உட்கார்ந்தீர்கள் என்று எழுதவில்லை.

இவ்வளவும் எடுப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயங்கள். ஒளி குறையும் என்று தெரிந்தும், பேய் பங்களா, மின்வெட்டு, பின்னிரவுத் துரத்தல் என்று பாதிப் படத்தை இருட்டிலேயே வைத்தது அவர்களின் தவறு. சண்டைக் காட்சியில் முகம் தெரியாவிட்டாலும் கை கால் தெரிந்தால் சமாளித்துவிடலாம். நகைச்சுவை நடிகரின் கண் தெரியாவிட்டால் என்ன மிச்சம் இருக்கிறது? அந்தத் துரத்தலில் யார் யாரைத் துரத்தினார்கள் என்பதே எனக்கு வசனத்தைக் கேட்டுத்தான் புரிந்தது.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: எனக்குத் தலைவலி வந்தது, என் மாமியாருக்கோ எதுவுமே முன்னால் வந்ததாகத் தெரியவில்லையாம்.

பதில்: தலைவலிக்குக் காரணம் எளியது. அன்றாட வாழ்க்கையில் ஒரு பொருள் அருகில் வந்தால் இரு கண்களும் உட்பக்கம் திரும்பும். கண்ணின் லென்சும் அதே தூரத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். திரையரங்கில் கண்கள் பறந்து வரும் செருப்பை நோக்கித் திரும்புகின்றன. லென்சோ தொலைவிலுள்ள திரையிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாடுகள் இரண்டு பக்கம் இழுக்கிற வண்டியாகிவிடுகிறது கண். காட்சிகளை வேகமாக வெட்டி வெட்டி ஒட்டினால், வெட்டுக்கு வெட்டு கண் புதிய தூரத்தைத் தேடி அலையும். மாமியாரைப் பொறுத்தவரை, சிறுவயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை மந்தமாக இருப்பவர்களுக்கும், இரு கண்ணும் ஒருங்கே நோக்காதவர்களுக்கும் இந்த ஆழம் தெரியாது. ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இந்தப் படத்தால் விளைந்த ஒரே நன்மையாக அது இருக்கட்டும்.

பண்ருட்டியிலிருந்து ஒரு வாசகர்: அப்படியானால் முப்பரிமாணத்துக்கும் நகைச்சுவைக்கும் ஒத்தே வராது என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984இல் மலையாளத்தில் வந்தபோது, அது குழந்தைகள் சிரிப்பதற்கான படமாகவே வந்தது. ஜிஜோ இயக்கிய அந்தப் படத்தில் குழந்தைகள் சுவரில் ஏறிக் கூரையில் தலைகீழாக நடக்கிற பாட்டு ஒன்று உண்டு. அதற்காக ஓர் அறையையே சுழலும்படி கட்டினார்கள். அங்கே வேடிக்கை அந்தப் பிள்ளைகளுக்கு நடக்கிறது. நமக்கு அது இன்னும் அருகில் நடப்பதுபோல் காட்டுவது மட்டுமே முப்பரிமாணத்தின் வேலை. மறு ஆண்டே தமிழின் முதல் முப்பரிமாணப் படமாக விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' வந்தது. அது அடிதடிப் படம் என்பதால் இந்தக் கேள்விக்கு உதவாது.

ஹாலிவுட்டில் 'த்ரீ ஸ்டூஜஸ்' என்ற கோமாளிக் குழுவினர் 1953இலேயே இரண்டு குறும்படங்களை முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் கேமராவை நோக்கி நீட்டுவதும் எறிவதும்தான் அவர்களின் வேலை. ஆனால் அவை ஒவ்வொன்றும் சுமார் கால் மணி நேரமே ஓடும். உங்களுக்கும் எனக்கும் மஞ்சக்குப்பத்து வாசகிக்கும் சிரிப்பு தாக்குப்பிடித்ததும் அதே கால் மணி நேரம்தான் என்பதைப் பாருங்கள். அந்தச் சரக்கை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்குக் கடை விரித்தது இவர்களின் துணிச்சல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையிலிருந்து ஒருவர் நம்மை நோக்கி வருவது என்பது பண்ருட்டிக்காரரான உங்களுக்குப் புதியதா? நம் பக்கத்துத் தெருக்கூத்தில் இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடித்து நிற்க, அதற்குப் பின்னால் துரியோதனன் கர்ஜித்துக்கொண்டிருக்கும்போதே, கட்டியங்காரன் திரைக்கு இந்தப் பக்கம் நின்று நம்மிடம் பேசிக்கொண்டிருப்பான். முன்வரிசையில் கொட்டாவி விடுகிறவரைப் பார்த்துவிட்டு ராஜாவிடமே கோள் சொல்வான். ஊர்ப் பெரியவரின் கஞ்சத்தனத்தைத் துவாபர யுகத்துக்குக் கொண்டுபோய்விடுவான். கூட்டம் ஏதாவது பதிலுக்குச் சொன்னால் அதையும் பிடித்துக்கொண்டு மேலே போவான். அவன் நம்மிடம் வருவது நம்மையும் கதைக்குள் இழுத்துக்கொள்வதற்காக. படத்தில் பறந்து வந்த பல்செட்டுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

அதே நேரம், அருகில் வரவே வேண்டாம் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'யில், நாகேஷ் டி.எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், ஒருவர் வாயால் எழுப்பும் ஓசைகள், மற்றவர் முகத்தில் ஏறிக்கொண்டே போகும் பயம், வேறெதுவும் இல்லை. பேய் ஒரு முறையாவது கண்ணுக்குத் தெரிகிறதா? நாகேஷ் சொல்லச் சொல்லக் கேமரா பாலையாவின் முகத்தை விட்டுவிடாமல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறது. இன்றைய இயக்குநரிடம் அந்தக் காட்சியைக் கொடுத்திருந்தால் பேயை நம் மடியில் கொண்டுவந்து உட்கார வைத்திருப்பார். பாலையாவை எடிட்டிங்கில் தொலைத்திருப்பார்.

அரியாங்குப்பத்திலிருந்து ஓர் இளைஞர்: சென்னையில் கிராபிக்ஸ் நிறுவனம் ஒன்றில் ரோட்டோ வேலை, அதாவது காட்சியில் உள்ள ஆட்களையும் பொருட்களையும் சுற்றி ஓரம் வெட்டும் வேலை, செய்கிறேன். இரவு பகலாக உழைத்தவர்களை 'கிராபிக்ஸ் சொதப்பல்' என்று எல்லோரும் ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்களே, நியாயமா?

பதில்: நியாயமில்லை. நான் மேலே குறிப்பிட்ட வடையைச் செய்தவர் யாரோ, அவர் கைக்கு மோதிரம் போடலாம். எண்ணெய்ப் பளபளப்பும், ஓரத்தின் முறுகலும், ஒரு பக்கம் சற்றே கூடுதலாகச் சிவந்திருந்ததும் சமையற்கட்டில் நின்று பார்த்தவருக்கே வரும் நுணுக்கங்கள். கேட்டதைச் செய்து கொடுத்தார்கள், கேட்டவர்களிடம்தான் கோளாறு. ஒரு சட்டகத்தில் முடிக்கற்றையின் ஓரம் வெட்டுவதற்கு உங்களைப் போன்றவர்கள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பந்திக் காட்சியின் வசனத்தை எழுதியவரும் அதில் கால்வாசி நேரமாவது கூடுதலாக உட்கார்ந்திருந்தால், வடை பறந்த பிறகு என்ன நடக்கிறது என்று அவருக்கே கேட்கத் தோன்றியிருக்கும்.

ஒரு சின்னக் குறையை மட்டும் உங்கள் தொழிலின் பக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். திரைக்கு முன்னால் வருகிற பொருள் திரையின் விளிம்பில் வெட்டுப்படக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாயசக் கரண்டியோடு பக்கவாட்டிலிருந்து நீண்ட கை, முழங்கைக்கு மேல் விளிம்பில் துண்டாகி நின்றது. நமக்கு அருகில் இருக்கும் கையைத் தொலைவிலிருக்கும் சட்டம் எப்படி மறைக்க முடியும் என்று மூளை குழம்பியதும் மாயம் கலைந்துவிட்டது. அதுவும் படப்பிடிப்புத் தளத்திலேயே கவனித்திருக்க வேண்டியது என்று நீங்கள் சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: இதே படம் சாதாரணத் திரையிலும் ஓடுகிறதே, அதைப் பார்க்கலாமா?

பதில்: வெளிச்சமாக இருக்கும், கண்ணாடிக் காசு மிச்சம், சித்தப்பாவின் விரல் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் 17 முறை ஏன் எல்லோரும் கேமராவைப் பார்த்து எதையாவது எறிகிறார்கள் என்று புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஐந்தாம் வகுப்பு மாணவன்: வடை பறந்து வந்தபோது நான் கையை நீட்டிவிட்டேன். அதற்கு என் அக்கா இன்னும் கேலி செய்கிறாள். அது தப்பா? அந்தச் சித்தப்பாவுக்குக் கடைசியில் வடை கிடைத்ததா?

பதில்: தப்பே இல்லை, தம்பி. இத்தனை வயதான நான், செருப்பு வந்தபோது தலையைச் சாய்த்தேன். பின்வரிசையில் இருந்தவர், "சார், மறைக்குது" என்றார். அக்கா அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டாளா என்று அம்மாவிடம் விசாரித்துப் பார்.

சித்தப்பாவுக்கு வடை கிடைத்ததாகப் படத்தில் காட்டவில்லை. நானும் கடைசி வரை அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.